பணவீக்கம் குறைஞ்சும் மளிகை பில் ஏன் குறையல? எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது?

2025 அக்டோபர் மாதத்தில் நாட்டின் சில்லறை பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டால் விலை ஏறவே இல்லை. முந்தைய ஆண்டைவிட 5.02 சதவீதம் இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய மாதம் 22-ம் தேதிதான் பிஸ்கட், நெய், நூடுல்ஸ் என ஏகப்பட்ட பொருட்களுக்கு ஜி.எஸ்.டி குறைக்கப்பட்டது.

இந்த இரண்டு செய்தியையும் பார்த்தவர்களுக்கு ஒரே கேள்விதான் வந்திருக்கும். "அப்போ எங்க வீட்டு மளிகை பில் மட்டும் ஏன் குறையல?"

நியாயமான கேள்வி. பில்லைக் குறைக்க நாம் முதலில் கை வைப்பது எதில், உண்மையில் கை வைக்க வேண்டியது எதில் என்பதற்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

விலை குறைஞ்சா பில் குறையணும் இல்லையா?

அவசியம் இல்லை. பணவீக்கம் என்பது ஒரே பொருளின் விலை போன வருடத்தைவிட எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். நம் பையில் என்ன விழுகிறது, எவ்வளவு விழுகிறது என்பது அதில் வராது.

இன்னொரு விஷயம், எல்லாப் பொருளும் ஒரே மாதிரி இறங்காது. 2025-ல் காய்கறி, பருப்பு விலை முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. ஆனால் சமையல் எண்ணெய் விலை ஏறியே இருந்தது. தேங்காயும் தேங்காய் எண்ணெயும் கடுமையாக ஏறின.

எண்ணெய் ஏறியதற்கு ஒரு காரணம் இறக்குமதி வரி. நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளிநாட்டில் இருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கான மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்தில் இருந்து 27.5 சதவீதமாக உயர்ந்தது. 2025 மே 30-ல்தான் அது 16.5 சதவீதமாக இறங்கியது.

உண்மையில் காசு எங்கே போகுது?

மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு 2023-24 இதற்குப் பதில் சொல்கிறது. நகரத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் 39.68 சதவீதம் உணவுக்குப் போகிறது. கிராமத்தில் செலவு 4,122 ரூபாய். உணவின் பங்கு 47.04 சதவீதம்.

சரி, அந்த உணவுச் செலவுக்குள் முதலிடம் எதற்கு? அரிசி என்று நினைத்தால் தவறு. நகரத்தில் அரிசி, கோதுமை உள்ளிட்ட தானியங்களின் பங்கு மொத்தச் செலவில் 3.76 சதவீதம்தான். காய்கறி 4.12 சதவீதம். பால், பால் பொருட்கள் 7.19 சதவீதம். முதலிடத்தில் இருப்பது பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு. அதாவது பிஸ்கட், சிப்ஸ், கூல்ட்ரிங்க்ஸ், வெளியே குடிக்கிற டீ, ஓட்டல் பார்சல் வகை. இதன் பங்கு 11.09 சதவீதம். கிராமத்திலும் இதுதான் முதலிடம்: 9.84 சதவீதம்.

இதை நான்கு பேர் உள்ள நகரக் குடும்பத்துக்குக் கணக்கு போட்டால், அரிசி உள்ளிட்ட தானியத்துக்கு மாதம் சுமார் 1,050 ரூபாய். பாக்கெட், பார்சல் வகைக்கு சுமார் 3,100 ரூபாய். மூன்று மடங்கு.

இதில் சிக்கல் என்னவென்றால், அரிசி மூட்டையின் விலை கண்ணுக்குத் தெரியும். ஒரே நாளில் மொத்தமாகக் கொடுக்கிறோம். 3,100 ரூபாய் அப்படித் தெரியாது. 10, 20, 80 என்று தினமும் பிரிந்து போகும். அதனால்தான் "அரிசியில கிலோவுக்கு 4 ரூபா குறைச்சு வாங்கலாமா" என்று மண்டையைக் குடைகிறோம். மாலை டீயோடு வாங்கும் பாக்கெட்டை யாரும் எழுதி வைப்பதில்லை.

எதில் கை வைக்கவே கூடாது?

கையில் காசு இறுகும்போது பெரும்பாலான வீடுகளில் முதலில் குறைவது பருப்பு, முட்டை, பால், கீரை, பழம். வயிறு நிறைய சோறு இருக்கும். சாம்பார் மட்டும் தண்ணியாகும். பசி அடங்கிவிடுவதால் யாருக்கும் இது பெரிய இழப்பாகத் தெரியாது.

ஆனால் இழப்பு இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 6 மாதம் முதல் 5 வயதுக்குள்ளான குழந்தைகளில் 57.4 சதவீதம். இலவச அரிசி கிடைக்கும் மாநிலத்தில்தான் இந்த நிலை. தட்டில் அரிசி இருக்கிறது. அதன் பக்கத்தில் இருக்க வேண்டியதுதான் போதவில்லை.

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, பயறு அல்லது அதற்கு ஈடாக முட்டை, மீன், கறி சேர்த்து 85 கிராம், காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி என்கிறது. நான்கு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 340 கிராம் பருப்பு வகை. அதாவது ஒரு கிலோ, மூன்று நாளைக்குத்தான் வரும். மாதம் 2 கிலோ துவரம் பருப்போடு ஓட்டுகிற வீட்டில் இன்னும் குறைக்க இடமே இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

10 ரூபாய்க்கு எதில் எவ்வளவு புரதம் கிடைக்கும் என்று பாருங்கள். துவரம் பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 ரூபாய்க்கு 83 கிராம். அதில் புரதம் சுமார் 18 கிராம். வேர்க்கடலை கிலோ 140 என்றால் கிட்டத்தட்ட அதே அளவு. முட்டை 7 ரூபாய் என்றால் 10 ரூபாய்க்கு 8, 9 கிராம். 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். கூடவே சர்க்கரையும் மைதாவும். பிள்ளைக்கு மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த கடலையோ கொடுப்பது சிக்கனம் மட்டும் இல்லை. அதே காசில் கிடைக்கும் நல்ல சாப்பாடும் அதுதான்.

கூடுதலாகச் சாப்பிடுவது எது? எண்ணெய். அதே வழிகாட்டுதலில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம். நான்கு பேருக்கு மாதம் சுமார் 3.2 கிலோ, அதாவது மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் 5 லிட்டர் கேன் மாதம் தவறாமல் தீர்கிறது என்றால், ஒன்றரை லிட்டர் காசும் மிச்சம், உடம்புக்கும் நல்லது.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறீங்களா?

2022-ல் ஒரு சட்ட மாற்றம் சத்தம் இல்லாமல் நடந்தது. அதுவரை பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய் போன்ற பொருட்களை அரசு சொன்ன அளவுகளில்தான் பாக்கெட் போட முடியும். அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இப்போது எந்த எடையிலும் பாக்கெட் வரலாம். விலையைத் தொடாமல் எடையை மட்டும் குறைப்பது அதனால் எளிதானது.

அதற்கு ஈடாக ஒரு விதி வந்தது. பாக்கெட்டில் எம்.ஆர்.பி-யோடு, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராம் கணக்கில், அதற்கு மேல் என்றால் கிலோ கணக்கில். பாக்கெட்டில் யு.எஸ்.பி என்று சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டு பிராண்டை ஒப்பிட இந்த ஒரு எண் போதும்.

உதாரணத்துக்கு, 50 கிராம் மிளகாய்த்தூள் 28 ரூபாய், 200 கிராம் 96 ரூபாய் என்றால் முதலாவது கிராமுக்கு 56 காசு, இரண்டாவது 48 காசு. கிலோவுக்கு 80 ரூபாய் வித்தியாசம். ஆனால் பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நம்பிவிடவும் கூடாது. ஆஃபர் ஒட்டிய சின்ன பாக்கெட் சில நேரம் மலிவாக இருக்கும். எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணெய்க்கு இன்னொரு சோதனை. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். எண்ணெய் சூடானால் விரியும் என்பதால், அதிக வெப்பநிலையில் அளந்ததாகக் காட்டி "1 லிட்டர்" என்று குறைந்த எடையை நிரப்பும் வழக்கம் இருந்தது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் போடச் சொன்னது. அதனால் லிட்டரைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள். பக்கத்துப் பாக்கெட்டைவிட 5 ரூபாய் குறைவான எண்ணெயில் 60 கிராம் குறைவாகவும் இருக்கலாம்.

"எம்.ஆர்.பி-யில் 40 சதவீதம் தள்ளுபடி" என்ற அட்டையிலும் கவனம் தேவை. எம்.ஆர்.பி என்பது அதிகபட்ச விலை மட்டுமே. பருப்பு, அரிசி பாக்கெட்களில் அது பல நேரம் யாரும் கொடுக்காத உயரத்தில் அச்சாகியிருக்கும். எவ்வளவு தள்ளுபடி என்று பார்ப்பதைவிட, கடைசியில் கிலோ என்ன விலைக்கு வருகிறது என்று பாருங்கள்.

26 கிலோ மூட்டை ஏன் வருது?

அரிசிக் கடையில் 25-க்குப் பதில் 26 கிலோ மூட்டை பார்த்திருப்பீர்கள். காரணம் ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி. அதைத் தாண்டினால் வரி இல்லை. 2025 செப்டம்பர் மாற்றத்திலும் இந்த 5 சதவீதம் அப்படியே இருக்கிறது.

சில்லறையாக அளந்து கொடுக்கும் பருப்புக்கும் அரிசிக்கும் இந்த வரி கிடையாது. அண்ணாச்சி கடையில் மூட்டையில் இருந்து அள்ளி எடைபோட்டுத் தரும் துவரம் பருப்பு பல நேரம் மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே மூட்டை அரிசியைப் பக்கத்து வீட்டோடு பாதி பாதி பிரித்துக்கொள்வதும் நல்ல வழி.

2025 செப்டம்பர் 22-ல் வரி குறைந்தவை: பிஸ்கட், சாக்லேட் 18-ல் இருந்து 5 சதவீதம். நெய், வெண்ணெய், நூடுல்ஸ், மிக்சர் வகைகள் 12-ல் இருந்து 5. சோப்பு, ஷாம்பு, பற்பசை 18-ல் இருந்து 5. சமையல் எண்ணெய்க்கு முன்பும் 5, இப்போதும் 5. வரி குறைந்த பொருட்களில் நிறைய நாம் குறைக்க வேண்டிய பாக்கெட் வகைதான். சோப்பு, பற்பசையில் வரும் மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம். பிஸ்கட் விலை குறைஞ்சிடுச்சு என்று ரெண்டு பாக்கெட் கூட வாங்கினால் பில் எப்படிக் குறையும்?

ரேஷன் கடையை விட்டுடாதீங்க

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது.

வெளியில் பருப்பு 120, பாமாயில் 120 என்று வைத்தால், ஒரு கிலோ பருப்பில் 90 ரூபாய், ஒரு லிட்டர் எண்ணெயில் 95 ரூபாய். மாதம் 185, வருடத்துக்கு 2,220 ரூபாய் மிச்சம். வரிசையில் நிற்கச் சோம்பி மாதக் கடைசியில் போய் "ஸ்டாக் இல்லை" என்று திரும்பினால் இந்தக் காசு போய்விடும். பாமாயிலை மட்டுமே எப்போதும் பயன்படுத்தாமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெயோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. புகார் என்றால் 1967 அல்லது 1800 425 5901 என்ற இலவச எண்களை அழைக்கலாம்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் இது. இடைத்தரகர் இல்லை, விலைப்பலகை தினமும் எழுதப்படும். மொத்த விலைக்கு மேல் 20 சதவீதம், சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பதுதான் விலை வைக்கும் கணக்கு. வாரம் 500 ரூபாய்க்குக் காய் வாங்குகிற வீட்டுக்கு இது 75 ரூபாய். ஆனால் பஸ், பெட்ரோலுக்கே 60 ரூபாய் ஆகும் என்றால் லாபம் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் இருந்தால் மட்டும் போங்கள்.

மெனு முதல்ல, லிஸ்ட் அப்புறம்

நாம் பெரும்பாலும் முதலில் வாங்கிவிட்டு, பிறகு என்ன சமைக்கலாம் என்று யோசிக்கிறோம். அதைத் திருப்பிப் போட வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி இந்திய வீடுகளில் ஒருவருக்கு வருடத்துக்கு 55 கிலோ உணவு வீணாகிறது. தோல், கொட்டை போன்ற சாப்பிட முடியாத பகுதியும் இதில் அடக்கம். நான்கு பேருக்கு மாதம் சுமார் 18 கிலோ. அதில் கால்வாசி அழுகிய தக்காளியும் வாடிய கீரையும் என்று வைத்தாலும் அது காசுதான்.

செய்ய வேண்டியது நான்கு வேலை.

ஒன்று, வாங்கப் போகும் முன் பிரிட்ஜையும் டப்பாவையும் திறந்து பாருங்கள். பாதி வீடுகளில் இரண்டு பாக்கெட் ரவை, மூன்று பாக்கெட் சேமியா இப்படித்தான் சேர்கிறது.

இரண்டு, ஏழு நாள் மெனுவை எழுதுங்கள். சீக்கிரம் கெடும் கீரை, வெண்டை, கத்தரி, தக்காளியை முதல் மூன்று நாளில் முடியுங்கள். தாங்கும் பூசணி, சேனை, உருளை, கேரட்டைக் கடைசி நாட்களுக்கு வையுங்கள்.

மூன்று, அடுத்த கொள்முதலுக்கு முந்தைய நாள் மிச்சக் காய் நாள். கதம்ப சாம்பார், கூட்டாஞ்சோறு, அவியல் எதுவானாலும் சரி. கூடை காலியாக வேண்டும்.

நான்கு, லிஸ்டில் பொருளோடு அளவையும் எழுதுங்கள். "தக்காளி" என்று எழுதினால் 2 கிலோ வரும். "தக்காளி முக்கால் கிலோ" என்று எழுதினால் முக்கால் கிலோதான் வரும்.

பாக்கெட் தேதியிலும் கவனம் வேண்டும். "பெஸ்ட் பிஃபோர்" என்றால் அதுவரை தரம் சிறப்பாக இருக்கும் என்று பொருள். தாண்டிய மறுநாளே விஷமாகிவிடாது. "எக்ஸ்பைரி" அல்லது "யூஸ் பை" என்றிருந்தால் அது பாதுகாப்புத் தேதி. அதைத் தாண்டினால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

காலண்டரையும் பாருங்க

புது புளியும் மிளகாயும் சந்தைக்கு வருவது மாசி, பங்குனியில். நம் பாட்டிமார் வருஷ சாமானை வெயில் காலத்தில் வாங்கிக் காயவைத்துப் பானையில் போட்டது சும்மா இல்லை. துவரை அறுவடை டிசம்பர், ஜனவரியில் தொடங்குகிறது.

வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தக்காளியும் கீரையும் எகிறும். முருங்கைக்காயை அப்போது தேடாதீர்கள். கோடையில் மலிவாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடல் மீன் விலை ஏறும். புரட்டாசியில் அசைவம் குறைவதால் முட்டை விலை பொதுவாக இறங்கும். அசைவத் தடை இல்லாத வீடுகளுக்கு அது நல்ல மாதம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது ரேஷன் கடைகளிலேயே 60 ரூபாய்க்கு விற்றது அரசு. அப்படிப்பட்ட வாரங்களில் தக்காளி இல்லாத மெனு கைவசம் இருக்கணும்: மோர்க்குழம்பு, பருப்புத் துவையல், மிளகுக் குழம்பு, எலுமிச்சை ரசம்.

மொத்தமா வாங்கக் கைல காசு இல்லைன்னா?

இதுதான் முக்கியமான கேள்வி. தினக்கூலி வீட்டில் 200 கிராம் மலிவு என்று தெரிந்தாலும் கையில் இருப்பது 20 ரூபாய்தான். இல்லாதவர்தான் கிராமுக்கு அதிக விலை கொடுக்கிறார் என்பது சந்தையின் கொடுமை. எல்லாவற்றையும் மாற்ற முடியாது. ஆனால் தினமும் தீரும் இரண்டு பொருளை மட்டும் தேர்ந்தெடுங்கள். எண்ணெயும் டீத்தூளும் என்று வைப்போம். சம்பளம் வந்த வாரம் அதை மட்டும் பெரிய பாக்கெட்டாக வாங்குங்கள். அதில் வரும் மிச்சத்தில் அடுத்த மாதம் மூன்றாவது பொருள்.

நேரமும் ஒரு செலவுதான். ஒரு கிலோ இட்லி அரிசி 50 ரூபாய், கால் கிலோ உளுந்து 35 ரூபாய் என்றால் 85 ரூபாயில் இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். கடை மாவு கிலோ 50 என்றால் அதே அளவுக்கு 125. வாரம் ஒருமுறை அரைத்தால் மாதம் 160 ரூபாய் மிச்சம். கரண்டுக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஊறவைத்து, அரைத்து, கிரைண்டர் கழுவுவது யார்? வேலைக்கும் போய்விட்டு வரும் அம்மாவின் தலையில் இதுவும் ஏறினால், அதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருக்கும் மற்றவர்கள் அரைக்கத் தயாரா என்று முதலில் கேளுங்கள்.

10 நிமிட டெலிவரி ஆப்களிலும் இதே கணக்குதான். பால் பாக்கெட் ஒன்று வேண்டி ஆப்பைத் திறந்தால், டெலிவரி கட்டணத்தைத் தவிர்க்க இன்னும் 100 ரூபாய்க்கு ஏதாவது போடச் சொல்லும். அந்த 100 ரூபாய்க்கு விழுவது பருப்பா, சிப்ஸா என்று ஒருமுறை பழைய ஆர்டர்களைப் புரட்டிப் பாருங்கள்.

இந்த மாதம் என்ன செய்யலாம்?

ஒரே ஒரு வேலை போதும். 30 நாளைக்குப் பாக்கெட், பார்சல், வெளி டீ, கூல்ட்ரிங்க்ஸ் செலவை மட்டும் தனியாக எழுதுங்கள். மற்ற எதையும் எழுத வேண்டாம். மாதக் கடைசியில் கூட்டினால் வரும் தொகை 3,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் 1,000 ரூபாய் கைக்கு வரும்.

அந்த ஆயிரத்தை முழுதாகச் சேமிக்க வேண்டும் என்றில்லை. பாதியில் கூடுதலாக 2 கிலோ பருப்பும், 30 முட்டையும் வாங்கலாம். மீதி பாதிதான் சேமிப்பு. பில்லும் குறையும், சாம்பாரும் கெட்டியாகும்.

எடை குறைவு, எம்.ஆர்.பி-க்கு மேல் விலை போன்ற புகார்களுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அழையுங்கள்.